போருக்கு எதிராக மாணவரும் இளைஞரும்: சூரியமல் இயக்கம்

(வரலாறு – குடியுரிமைக் கல்வி: க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கான வழிகாட்டி)



சூரியமல் இயக்கம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும் பலர், "பொப்பி மலருக்கு எதிராகச் சூரிய மலர் விற்றனர்" என்ற ஒரு வசனத்துடன் நிறுத்திவிடுகின்றனர். இது சரியான விடையே. ஆயினும் முழுமையான விடையன்று. ஒரு மலர் விற்பனை எவ்வாறு போர் எதிர்ப்பாக மாறியது? போர் எதிர்ப்பு எவ்வாறு நோயாளருக்குச் செய்யும் சேவையாக விரிந்தது? அச்சேவை எவ்வாறு சப்ரகமுவ மாகாணத்தின் அரசியலை மாற்றியது? இந்த மூன்று படிகளையும் தொடர்புபடுத்தி எழுதுபவருக்கே கூடிய புள்ளிகள் கிடைக்கும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் பயிலும் உங்களுக்கு இப்பாடம் தொலைவில் நடந்த கதையன்று. இதன் முக்கியமான பகுதி உங்கள் மாகாணத்திலேயே நிகழ்ந்தது.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• சூரியமல் இயக்கம் தோன்றிய பின்னணியை விளக்குவீர்கள்.
• அதில் பாடசாலைகளும் இளைஞர்களும் வகித்த பங்கை எடுத்துரைப்பீர்கள்.
• 1934–35 மலேரியாக் கொள்ளைநோய்க்கும் இவ்வியக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவீர்கள்.
• வேறு நாட்டு மாணவர் போர் எதிர்ப்புகளுடன் இதனை ஒப்பிட்டு மதிப்பிடுவீர்கள்.

1. பின்னணி

முதலாம் உலகப் போர் 1914இல் தொடங்கி, 1918 நவம்பர் 11ஆம் திகதி போர் நிறுத்த உடன்படிக்கையுடன் ஓய்ந்தது. ஐரோப்பியப் போர்க்களங்களில் செந்நிறப் பொப்பி மலர்கள் மலர்ந்திருந்தமையால், அம்மலர் இறந்த வீரர்களின் நினைவுச் சின்னமாயிற்று. 1921 முதல் பிரித்தானியாவில் ஆண்டுதோறும் பொப்பி மலர் விற்று, முன்னாள் படைவீரரின் நலனுக்காக நிதி சேர்க்கப்பட்டது. பிரித்தானியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் இவ்வழக்கம் பரவியது. இலங்கையிலும் நவம்பர் 11 "பொப்பி தினம்" ஆயிற்று. பாடசாலைப் பிள்ளைகளும் பொப்பி வாங்கவேண்டியிருந்தது.

இங்கு சேர்ந்த பணத்தின் பெரும் பகுதி எங்கே சென்றது? பிரித்தானிய முன்னாள் படைவீரரிடமே சென்றது. அதே போரில் பணியாற்றித் திரும்பி வறுமையில் வாடிய இலங்கையர் புறக்கணிக்கப்பட்டனர். ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் இதனை எதிர்த்தார். 1931இல் அவர் பொப்பிக்குப் போட்டியாகச் சூரிய மலர் விற்பனையைத் தொடக்கினார். திரட்டிய நிதி இலங்கை முன்னாள் படைவீரருக்கு உதவப் பயன்பட்டது. தென் கொழும்பு இளைஞர் கழகத்தின் பெயரும் இத்தொடக்கத்துடன் இணைத்துப் பேசப்படுகின்றது.

"சூரிய மல்" என்று சிங்களத்தில் அழைக்கப்படுவது நம் ஊர்களில் வேலியோரத்தில் மலரும் பூவரசம் பூவே. விலை கொடுத்து இறக்கவேண்டிய மலரன்று. எளியவரின் வாசலில் பூக்கும் மலர். சின்னத்தின் தெரிவிலேயே இயக்கத்தின் நோக்கம் தெரிகின்றது என்பதைக் கவனியுங்கள்.

நினைவிற் கொள்க: 1931இல் எழுப்பப்பட்ட கேள்வி "பணம் யாருக்குச் சேரவேண்டும்?" என்பதாகும். "போர் சரியா, பிழையா?" என்ற கேள்வி இன்னும் எழவில்லை.

2. 1933: திருப்புமுனை

டொரீன் யங் என்பவர் இலங்கைக்கு வந்து பௌத்தப் பாடசாலைகளில் பணியாற்றிய ஆங்கிலேய ஆசிரியை. கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராகவும் விளங்கினார். இடதுசாரியான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்து டொரீன் விக்கிரமசிங்க ஆனார். 1933இல் "சிலோன் டெயிலி நியூஸ்" பத்திரிகையில் "மலர்களின் போர்" என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தம் நாட்டுப் படைவீரர் வறுமையில் கிடக்க, இலங்கைப் பிள்ளைகளைப் பிரித்தானிய வீரருக்காகப் பொப்பி வாங்கச் செய்வது அறிவுக்குப் பொருந்தாது என்பதே அவரது வாதம். இதற்காக அவருடைய நாட்டவரே அவரைக் கடுமையாகத் தூற்றினர்.

இக்கட்டுரைக்குப் பின்னர் இளைஞர் கழகத்தினர் இயக்கத்தைப் புதிய அடிப்படையில் மீட்டெழுப்பினர். ஹொரணையில் வில்மட் பெரேராவின் இல்லத்தில் நடைபெற்ற கூட்டத்தில் டொரீன் விக்கிரமசிங்க தலைவராகவும், டெரன்ஸ் டி சில்வா, றொபின் இரத்தினம் ஆகியோர் இணைச் செயலாளர்களாகவும், றோய் டி மெல் பொருளாளராகவும் தெரிவாயினர். இப்போது நோக்கம் விரிந்தது. போரையும் அதற்குக் காரணமான ஏகாதிபத்தியத்தையும் எதிர்ப்பதே இயக்கத்தின் குறிக்கோளாயிற்று.

இக்காலத்திலேயே பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன முதலிய இளைஞர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கற்று நாடு திரும்பியிருந்தனர். இலண்டனிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மாணவராக இருந்தபோது அவர்கள் அறிந்த ஏகாதிபத்திய எதிர்ப்புச் சிந்தனைகள் இளைஞர் கழகங்கள் வழியாக இங்கு பரவின.

3. பாடசாலையும் வீதியும்

ஆனந்த பாலிகா வித்தியாலயம் இயக்கச் செயற்பாடுகளின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஆண்டுதோறும் நவம்பர் 11இல் இளைஞரும் யுவதிகளும் வீதிகளில் நின்று, பொப்பி விற்பவருக்கு எதிரே சூரிய மலர் விற்றனர். இரண்டாம் உலகப் போர் வரை இது தொடர்ந்தது. வாங்கியோரில் பெரும்பாலானோர் ஏழைகள். ஆகவே சேர்ந்த தொகை பெரிதன்று. எனினும் பயன் பணத்தில் மட்டும் இல்லை. ஒரு சதத்தைக் கொடுக்குமுன் "இது எங்கே போகின்றது?" என்று கேட்கும் பழக்கம் இளந்தலைமுறையினரிடம் உருவாயிற்று. பெண்கள் வீதியில் இறங்கி அரசியல் செய்வது அரிதாக இருந்த காலத்தில் யுவதிகள் இதிற் பங்குகொண்டமையும் குறிப்பிடத்தக்கது.

ஆட்சியாளர் இதனைச் சிறு விடயமாக எண்ணவில்லை. வீதியில் நிதி சேர்ப்பதை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டம் ஒன்றின் மூலம் இயக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்றனர்.

4. கேகாலையில் மலேரியா (1934–35)

இப்பாடத்தின் மையப் பகுதி இதுவாகும். கவனமாக வாசியுங்கள்.

சப்ரகமுவ ஈரவலயத்தைச் சேர்ந்த மாகாணம். வழமையாக மழை மிகுதியாகப் பெய்வதால் ஆறுகள் விரைந்து ஓடும். மலேரியா நுளம்பு முட்டையிடத் தேங்கிய நீர் குறைவாகவே இருக்கும். 1934இல் தென்மேற் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகளின் படுக்கைகளில் நீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. அக்குட்டைகளில் மலேரியா நுளம்புகள் பெருகின. உலர்வலய மக்களைப் போலன்றி, இப்பிரதேச மக்களுக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் இருக்கவில்லை. வறட்சியால் நெல் விளைச்சலும் குன்றியிருந்தது. பட்டினி உடல்களை மேலும் தளர்த்தியது. 1934 ஒக்டோபர் முதல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 80,000க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

கொழும்பில் மலர் விற்ற இளைஞர்கள் இப்போது கிராமங்களுக்குச் சென்றனர். மருந்தும் உலர் உணவும் விநியோகித்தனர். மருந்து மட்டும் போதாது, உண்ண உணவும் வேண்டும் என்பதை அங்கே கண்ணாரக் கண்டனர். ஊட்டக் குறைவை ஈடுசெய்ய, மதுவத்திலிருந்து பெறப்படும் "மாமைட்" சாற்றை மாத்திரைகளாக உருட்டிக் கொடுத்தனர். என். எம். பெரேரா பருப்பு விநியோகித்தமையால் மக்கள் அவரைப் "பருப்பு மாத்தயா" என்று அன்புடன் அழைத்தனர்.

இந்நிகழ்ச்சியை இயக்கத்தின் கதையிலிருந்து பிரித்துக் கற்கக் கூடாது. போரை எதிர்ப்பவர் "மனித உயிர் வீணாகப் பலியாகக் கூடாது" என்கின்றனர். அப்படிச் சொன்னவர்கள், தம் நாட்டில் பல்லாயிரம் உயிர்கள் காய்ச்சலுக்குப் பலியாகும்போது வாளாவிருக்க முடியுமா? மலேரியாச் சேவை அவர்களுடைய போர் எதிர்ப்பை வெறும் சொல்லிலிருந்து செயலுக்குக் கொண்டுசென்றது. கொள்கைக்கு மக்களிடையே நம்பிக்கை பிறந்தது இங்கேதான்.

அறிந்துகொள்க: நீண்டகால முயற்சியின் பயனாக, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

5. விளைவுகள்

(அ) 1935 டிசெம்பர் 18ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி தோற்றுவிக்கப்பட்டது. சூரியமல் இயக்கத்தில் உழைத்தோர் பலர் இதில் இணைந்தனர்.

(ஆ) 1936 அரசாங்க சபைத் தேர்தலில் பிலிப் குணவர்தன அவிசாவளைத் தொகுதியிலும், என். எம். பெரேரா கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியிலும் வெற்றிபெற்றனர். சுதந்திரத்திற்குப் பின்னர் என். எம். பெரேரா ருவான்வெல்லையையும், 1960 முதல் 1977 வரை எட்டியாந்தோட்டையையும் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்தினார்.

(இ) 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது சமசமாஜக் கட்சி அதனை ஏகாதிபத்தியப் போர் என எதிர்த்தது. 1940 ஜூனில் பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கைதாயினர். 1942 ஏப்ரலில் அவர்கள் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினர்.

போரும் தோட்டங்களும்: 1942இல் மலாயா யப்பானியர் வசமானது. நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கும் முதன்மை நாடாக இலங்கை மாறியது. தேவை பெருகியமையால், மரத்தின் ஆயுளைப் பாராது மிகையாகப் பால் வெட்டும் முறை தோட்டங்களில் கையாளப்பட்டது. இறப்பர் செழித்த கேகாலை மாவட்டத்தை இது நேரடியாகத் தொட்டது. பர்மா அரிசி வரவு நின்றதால் அரிசிப் பங்கீடும் வந்தது. தொலைவில் நடக்கும் போரின் செலவைத் தோட்டத் தொழிலாளியின் கையும் வயிறும் ஏற்றன. "போர் யாருடையது, அதன் சுமை யாருடையது?" என்று சூரியமல் இளைஞர் கேட்ட கேள்வியின் பொருளை இதிலிருந்து உணரலாம்.

6. வேறு நாட்டு மாணவர்கள்

சூரியமல் இயக்கம் தனித்து நின்ற நிகழ்ச்சியன்று. பின்வரும் இரு எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டு எழுதலாம்.

ஒக்ஸ்போர்ட், 1933: பெப்ரவரி 9ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவர் விவாத மன்றம், எந்நிலையிலும் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடுவதில்லை என்ற தீர்மானத்தை 275க்கு 153 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. பிரித்தானியா அதிர்ந்தது. ஆயினும் 1939இல் ஹிட்லருக்கு எதிரான போர் மூண்டபோது அத்தலைமுறை மாணவர் பலர் படையிற் சேர்ந்தனர்.

கென்ட், 1970: வியட்நாம் போரைக் கம்போடியாவுக்கு விரிவுபடுத்துவதாக ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அறிவித்ததும் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. மே 4ஆம் திகதி ஒகையோ மாநிலக் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய காவற்படையினர் சுட்டதில் 4 மாணவர் இறந்தனர். 9 பேர் காயமுற்றனர். அதனைத் தொடர்ந்து நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் மாணவர் வேலைநிறுத்தம் நடந்தது. 1973இல் அமெரிக்கப் படைகள் வியட்நாமிலிருந்து விலகின. இதற்கு வியட்நாமியரின் எதிர்த்துப் போராடும் ஆற்றல் முதலிய பல காரணங்கள் உண்டு. மாணவர் எதிர்ப்பும் அவற்றுள் ஒன்று.

ஒப்பீட்டுச் சுருக்கம்: ஒக்ஸ்போர்டில் எதிர்ப்பு வாக்காக வெளிப்பட்டது. கென்டில் ஆர்ப்பாட்டமாக வெளிப்பட்டது. இலங்கையில் முதலில் ஒரு மலராகவும் பின்னர் சேவையாகவும் வெளிப்பட்டது. மேலும், முதலிரண்டும் பேரரசும் வல்லரசுமான நாடுகளின் மாணவர் குரல்; இலங்கையில் எழுந்ததோ ஆளப்பட்ட மக்களின் குரல்.

7. மதிப்பீடு

ஒரு வரலாற்று இயக்கத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது மதிப்பீடாகாது. இரு பக்கங்களையும் எழுதுங்கள்.

சாதனைகள்: இளைஞரிடையே அரசியல் விழிப்பை ஏற்படுத்தியது. பெண்களின் பங்கேற்பை வளர்த்தது. நகர்ப்புறக் கல்விமான்களைக் கிராமத்து ஏழைகளுடன் இணைத்தது. இன, மத வேறுபாடு கடந்து செயற்பட்டது.

வரையறைகள்: நிதி சிறிதாகவே திரண்டது. பொப்பி விற்பனையை முற்றாக நிறுத்த முடியவில்லை. போர் பற்றிய கருத்தொற்றுமையும் நிலைக்கவில்லை. 1941இல் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபின், எஸ். ஏ. விக்கிரமசிங்க உள்ளிட்ட கம்யூனிஸ்ட்டுகள் போரை ஆதரித்தனர்; சமசமாஜக் கட்சியினர் தொடர்ந்து எதிர்த்தனர். ஒரே இயக்கத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் "எல்லாப் போரும் ஒன்றா?" என்ற கேள்வியில் பிரிந்தனர். இக்கேள்விக்கு இலகுவான விடை இல்லை, நீங்களும் சிந்தியுங்கள்.

8. கால வரிசை

1914–1918 – முதலாம் உலகப் போர்
1931 – சூரிய மலர் விற்பனை தொடக்கம்
1933 – டொரீன் விக்கிரமசிங்கவின் கட்டுரை. இயக்கம் போர் எதிர்ப்பு இயக்கமாதல்
1934–1935 – மலேரியாக் கொள்ளைநோய்; இயக்கத்தினரின் சேவை
1935 – லங்கா சமசமாஜக் கட்சியின் தோற்றம்
1936 – அவிசாவளை, ருவான்வெல்லை வெற்றிகள்
1940 – போரை எதிர்த்த தலைவர்கள் கைது

9. பயிற்சி வினாக்கள்

பகுதி I – சரியான விடையைத் தெரிக.

1. சூரிய மலர் விற்பனையைத் தொடக்கியவர்
(1) என். எம். பெரேரா (2) ஏலியன் பெரேரா (3) வில்மட் பெரேரா (4) றோய் டி மெல்

2. பொப்பி தினம் கொண்டாடப்பட்ட நாள்
(1) மே 1 (2) பெப்ரவரி 4 (3) டிசெம்பர் 18 (4) நவம்பர் 11

3. 1934–35 மலேரியா ஈரவலயத்தில் பரவியமைக்கு உடனடிக் காரணம்
(1) ஆறுகள் வற்றிக் குட்டைகள் தோன்றியமை (2) இறப்பர் விலை வீழ்ச்சி (3) உலகப் போர் (4) பாடசாலைகள் மூடப்பட்டமை

4. 1936இல் என். எம். பெரேரா தெரிவான தொகுதி
(1) அவிசாவளை (2) இரத்தினபுரி (3) ருவான்வெல்லை (4) ஹொரணை

விடைகள்: 1 – (2), 2 – (4), 3 – (1), 4 – (3)

பகுதி II – கட்டமைப்பு வினா

(அ) பொப்பி தின நிதி தொடர்பாக இலங்கையர் கொண்ட மனக்குறை யாது? (2 புள்ளிகள்)
(ஆ) 1931இலும் 1933இலும் இயக்கத்தின் நோக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுக. (4 புள்ளிகள்)
(இ) "மலேரியாச் சேவை போர் எதிர்ப்பின் தொடர்ச்சியே." இக்கூற்றைக் காரணங்களுடன் ஆராய்க. (6 புள்ளிகள்)

(இ) வினாவுக்கு மாதிரி விடை:

சூரியமல் இயக்கம் 1933 முதல் போரையும் ஏகாதிபத்தியத்தையும் எதிர்த்தது. அதன் அடிப்படை, ஏழை மக்களின் உயிரும் உழைப்பும் பிறர் நலனுக்காகப் பலியாகக் கூடாது என்பதாகும். 1934–35இல் கேகாலை முதலிய மாவட்டங்களில் மலேரியாவாலும் பட்டினியாலும் மக்கள் இறந்தபோது, இயக்கத்தினர் அதே அடிப்படையில் மருந்தும் உணவும் வழங்கினர். வறுமையே நோயின் கொடுமையைக் கூட்டியது என அவர்கள் கண்டமை, ஆட்சிமுறை மீதான அவர்களின் விமர்சனத்தை வலுப்படுத்தியது. எனினும், சேவை செய்தோர் எல்லோரும் அரசியல் நோக்குடன் வந்தனர் எனக் கூறமுடியாது, மனிதாபிமானமும் காரணமாகும். ஆகவே இக்கூற்று பெருமளவிற்கு ஏற்கத்தக்கது.

புள்ளி பெறும் வழி: "ஆராய்க" என்ற வினாவுக்கு ஆதரவான காரணங்கள், ஒரு மறுப்பு, முடிவு ஆகிய மூன்றும் இடம்பெறல் வேண்டும். மேலேயுள்ள விடையில் "எனினும்" எனத் தொடங்கும் வசனத்தை நீக்கி வாசித்துப் பாருங்கள். விடை மெலிந்துவிடுவதைக் காண்பீர்கள்.

10. செயற்பாடு

உங்கள் தோட்டத்தில் அல்லது கிராமத்தில் உள்ள முதியோரிடம், அவர்களின் பெற்றோர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பற்றிக் கூறியவற்றைக் கேட்டறியுங்கள். அரிசிப் பங்கீடு, பால் வெட்டு, காய்ச்சல், மருந்து ஆகிய நான்கு தலைப்புகளில் குறிப்பெடுங்கள். பாட்டியோ தாத்தாவோ சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் கருத்தை வேறாக எழுதுங்கள். தோட்டத்து மக்களின் போர்க்கால வாழ்க்கை ஏடுகளில் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. நீங்கள் எடுக்கும் குறிப்பு பரீட்சைக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் பயன்படும்.